ராகு காலமும் மார்க் மெஷினும்

சின்ன காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சந்தோஷ்குமார் அவர்களுக்கு,

மாமனார் சிவராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. வரதர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், கடை மட்டும் சுகமில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேவிப்ரியா பார்த்துவிட்டு, 'என் வீட்டுக்காரரைக் குறை சொல்றியாப்பா' என்று சண்டைக்கு வருவாள், அதனால்தான் தபால்.

ஆள் வந்து உட்கார்ந்ததிலிருந்து பில் போடும்வரை நேரம் பார்த்து, சீக்கிரம் முடித்தால் கூடுதல் என்று விற்கிறவர்களுக்கு மார்க் போடும் மெஷினை மாட்டிவிட்டுப் போனீர்களே, நல்ல மெஷின்தான், குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணக்காரர்கள் முகூர்த்தப் புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாலும் ராகு காலம் கழியாமல் பணம் நீட்டமாட்டார்கள் என்பது அதற்குத் தெரியவில்லையே! நம் குமுதவல்லி அவர்களுக்குக் காபி வரவழைத்து, "இந்தக் கலர் பொண்ணுக்கு எடுப்பா இருக்காதும்மா, வேற பாருங்க" என்று உரிமையோடு சொல்லி உட்காரவைத்திருந்தாள். மெஷின் அவளுக்குக் கடைசி இடம் கொடுத்தது. நம் கடைப் பையன் அருள் என்ன செய்தான் தெரியுமா? கல்யாண வேன் வந்தால் வாசலிலேயே மறித்து, "எதிர்க்கடையில நல்லா இருக்குதும்மா, அங்க போங்க" என்று அனுப்பிவிட்டு, துண்டு வாங்க வருகிறவர்களை மட்டும் பிடித்து நொடியில் பில் போட்டு முதலிடம் வாங்கிவிட்டான். அவனுக்குப் பொன்னாடை போர்த்திக் குக்கர் பரிசு கொடுத்தவன் நான்தான். அதைப் பார்த்து மற்றவர்களும் துண்டுக்குத் தாவிவிட்டார்கள், பட்டுக்கடை துண்டுக்கடை ஆகிவிட்டது மாப்பிள்ளை.

குமுதவல்லியைக் கூப்பிட்டு, "சீக்கிரம் முடிம்மா" என்றேன்.

"ராகு காலத்துல பில்லு போடச் சொல்றீங்களா மொதலாளி? கல்யாணப் பொண்ணு உக்காந்துக்கினு இருக்குது!"

மறுநாளிலிருந்து அவள் எதிர்க்கடையில். வேன்களும் அங்கேதான் நிற்கின்றன. பார்த்தால் வயிறு எரிகிறது. இத்தனை வருஷம் கடையைத் தாங்கியவளை அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அதைவிட மனசு அடித்துக்கொள்கிறது. நேற்று வெட்கத்தை விட்டுப் போய்க் கூப்பிட்டேன். "அதைக் கழட்டுங்க, திங்கக்கெழமையே வந்துடறேன்" என்றாள்.

ஆகவே கோபித்துக்கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை வந்து மெஷினைக் கழற்றிக்கொண்டு போங்கள். உங்கள் அத்தை விருந்து சமைப்பாள். தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
சிவராஜ்

பி.கு.: சும்மா இருப்பானேன் என்று இந்த வாரம் நானும் துண்டு விற்றேன். உறையை ஒட்டப்போகும்போது மார்க் வந்தது. எனக்குத்தான் முதலிடம், அருளே இரண்டாவது! மெஷின் சரியாகத்தான் கணக்குப் போடுகிறது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். குமுதவல்லியிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.