ஏசலுக்கு மைக் வைத்த தாய்மாமன்

மரக்காணத்தில் தெய்வசிகாமணிக்குத் தெரியாமல் ஒரு நல்லது கெட்டது நடந்துவிட முடியாது. காதுகுத்தோ கருமாதியோ, முதல் நாளே சவுக்குக் கம்பத்தை நட்டு ஸ்பீக்கர் குழாய் கட்டுகிறவர் அவர்தான். 'சிகாமணி சவுண்ட் சர்வீஸ்' என்று பச்சைப் பெயின்டில் எழுதிய அந்தக் குழாய் வாயைத் திறந்தால், உப்பளத்தில் நிற்கிற கொக்கு கூனிமேட்டுக்குப் போய்த்தான் இறங்கும். இது அவரே சொன்னது. கொக்கைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் ஆனி மாதத்தில் அவர் ஒரு பெரிய முடிவு எடுத்தார். பாட்டு விஷயத்தில் இனி எந்தப் பொம்பளை பேச்சையும் கேட்பதில்லை. சுனாமி அலை வந்து போன பிறகு ஊருக்குள் நுழையாத ஜீப் இல்லை. ஜீப்பில் வந்தவர்கள் படகு கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள். கையோடு பெண்களைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்து, பெண்ணியம் என்று ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். படகைப் பற்றி தெய்வசிகாமணிக்கு ஆட்சேபணை இல்லை.

"நான் பெண்ணியத்துக்கு விரோதி கெடையாதுப்பா. என் ஆம்ப்ளிஃபயருக்கே காமாட்சின்னுதான் பேரு வெச்சிருக்கேன்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா அது பொட்டிக்குள்ள அடக்கமா குந்திக்கினு இருக்குது பாரு, அதான் அழகு."

விவகாரம் ஒரு பாட்டில் ஆரம்பித்தது. அந்த வருஷம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குத்துப்பாட்டுதான்.

'படிச்ச பொண்ணு நெருப்பு
பக்கம் போனா செருப்பு
அடக்கி வெச்சா சிறப்பு
அதுதான் ஆம்பள பொறப்பு'

இதற்கு நடுவில் ஐம்பது தவில் ஒரே நேரத்தில் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் தெய்வசிகாமணி கண்ணை மூடிக்கொள்வார். அவ்வளவு பிடிக்கும். காதுகுத்தில் போடுவார், கிரகப்பிரவேசத்தில் போடுவார். வயதுக்கு வந்த ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டிலும் போட்டார். அங்கே பாப்பாத்தி என்கிற உப்பளத்துப் பெண்மணி எழுந்து வந்து, "இன்னாய்யா இது, கொழந்தய மணையில குந்த வெச்சிட்டு இப்படியா பாட்டு போடுவ? நிறுத்து" என்றாள்.

"நம்ம செட்டுல ஒரு பாட்ட பாதியில நிறுத்தற வழக்கமே இல்ல, தெரிஞ்சுக்கோ" என்றார் தெய்வசிகாமணி. பந்தலே திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத்தான் மேற்படி முடிவு எடுக்கப்பட்டது.

வீட்டில் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி. உப்பளத்தில் கூடை தூக்குகிறவள், மகளிர் குழுவுக்குத் தலைவி. ஒரு நாள் அவர் முன்னால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, நகராமல் நின்றாள். அவள் நகராமல் நின்றால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏங்க, சங்கீதா மூணு நாளா ஸ்கூலுக்குப் போவலை."

"வயித்து வலின்னாளே?"

"வயித்து வலியும் இல்ல ஒண்ணும் இல்ல. கால்வாய்ப் பாலத்து மேல பசங்க குந்திக்கினு இருக்கானுங்க. இவ சைக்கிள் வந்தா உங்க பாட்டப் பாடறானுங்க. 'படிச்ச சங்கீதா நெருப்பு'ன்னு பேரு போட்டுப் பாடறானுங்க. இனிமே படிக்கவே போவலன்றா."

சங்கீதா அவர்களுடைய ஒரே மகள். பிளஸ் ஒன். பத்தாவதில் ஊரிலேயே அதிக மார்க் வாங்கியவள். அந்த மார்க்கைக் குழாய் கட்டி மைக்கில் அறிவித்தவர் தெய்வசிகாமணிதான். கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். ஆனால் எடுத்த முடிவை விட மனசு வரவில்லை.

"வயசுப் பசங்கன்னா அப்படித்தான் இருப்பானுங்க. பாட்டுதானே? அதுக்குப் போய் ஸ்கூல நிறுத்துவாங்களா? கேட்டுட்டு சிரிச்சிட்டுப் போவச் சொல்லு."

"அந்தப் பாட்ட நீங்க போடாம இருந்தா ஊரு ஒரு மாசத்துல மறந்துடும்."

"ஜனங்க கேக்கறாங்க, போடறேன். வேற பாட்டு பாடுங்களேன், யாரு வேணான்னது? நீங்கதான் மைக்கப் பார்த்தா ஊமை ஆயிடுறீங்களே."

அது பழைய புண். போன மாதம் குழுக் கூட்டத்தில் தலைவி பேசுவார் என்று சாமுண்டீஸ்வரியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் 'வணக்கம்' என்று சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மைக் செட் போட்டிருந்தவர் தெய்வசிகாமணி. ஒரு மாதமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, மைக்னா கையெல்லாம் ஒதறுது" என்றாள் சாமுண்டீஸ்வரி. குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவர் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவர் மூளையில் ஒரு திட்டம் உதித்துவிட்டது.

ஆவணியில் ஒரு கல்யாணம் இருந்தது. மாப்பிள்ளை பாலகுரு, தெய்வசிகாமணியின் அக்கா கொளஞ்சியின் மகன். பெண் அமுதவல்லி, சாமுண்டீஸ்வரியின் அண்ணன் மகள். அதாவது ஒரே வீட்டில் இரண்டு கட்சி. அவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், அவள் பெண்ணுக்கு அத்தை. அவர்கள் வழக்கத்தில் தாலி கட்டிய அன்று சாயங்காலம் நலங்கு வைப்பார்கள். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பாயில் உட்கார வைத்து, பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரை வாய்க்கு வந்தபடி கேலி செய்து பாடுவார்கள். அதற்குப் பெயர் ஏசல். யாரை ஏசினாலும் அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போனால் அந்தக் கட்சி தோற்றது. இதுவரைக்கும் அது பத்துப் பேர் காதுக்கு மட்டும் கேட்கிற சமாசாரம்.

"நலங்குக்கு நான் மைக் வைக்கறேன்" என்றார் தெய்வசிகாமணி. "உன் கூட்டாளிங்களோட மைக்ல ஏசல் பாடு. ஒரு மணி நேரம் தாக்குப் புடிச்சிட்டா அந்தக் குத்துப்பாட்ட இனிமே தொடவே மாட்டேன். பாதியில நின்னுட்டா பாட்டப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது."

"ஐயோ, மைக்லயா? வேணாங்க."

"பயந்துட்ட பார்த்தியா."

"வேணும்னா அரை மணி வெச்சுக்கலாங்க."

"ஒரு மணி. ஒரு நிமிஷம் கொறையக் கூடாது."

"நாங்க பாடறப்ப கோவம் வந்து நீங்களே மைக்க நிறுத்திட்டீங்கன்னா?"

"நானா? நான் நிறுத்தினா அன்னிலேருந்து நீ சொல்ற பாட்டத்தான் இந்தக் குழாய் பாடும். போதுமா?"

"சரிங்க, நீங்க சொன்னா சரி" என்று சாமுண்டீஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தெய்வசிகாமணி மீசையைத் தடவிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், அதற்கப்புறம் இந்தப் பேச்சே இருக்காது என்பது அவர் கணக்கு.

கணக்கில் ஒரே ஒரு பிழை. ராத்திரி நிகழ்ச்சிகளுக்குப் போய் வருகிறவர் என்பதால் அவர் காலையில் ஒன்பதுக்கு முன் எழுந்ததில்லை. சாமுண்டீஸ்வரி நாலரைக்கே உப்பளத்தில் இருப்பாள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று இவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. இந்தக் கோடிப் பாத்தியில் ஒருத்தி உப்புக் கூடையைத் தூக்கினால், அந்தக் கோடியில் குவிக்கிற இடத்தில் நிற்பவளுக்கு அது தெரிய வேண்டும். நடுவில் அரை மைல் கடல்காற்று. அதனால் பாடிக்கொண்டேதான் நடப்பார்கள். ஒருத்தி பாட்டெடுக்க நாற்பது பேர் வாங்கிப் பாடுவார்கள். முதலாளியில் ஆரம்பித்து மேஸ்திரி வரைக்கும் அந்தப் பாட்டில் அடிபடாத ஆள் இல்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, ஊருக்கே பாட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று சாயங்காலம் நாலு மணி. பந்தல் நிறைந்திருந்தது. பாலத்துப் பசங்களும் மாப்பிள்ளை வீட்டு விருந்தாளிகளாக வந்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார்கள். தெய்வசிகாமணி ஆம்ப்ளிஃபயர் காமாட்சிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்தார். சாமுண்டீஸ்வரி மைக்கைக் கையில் வாங்கினாள். அதை ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள். அது எதற்கு என்று அவருக்குப் புரிவதற்குள் பாட்டு வந்துவிட்டது.

'ஊரையெல்லாம் எழுப்பிடுவார் குழாய வெச்சு தாய்மாமன்
ஒம்போது மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டார் மாமன்'

பின்னால் பாப்பாத்தியோடு இருபது பேர் அதை வாங்கிப் பாடினார்கள். சத்தம் அளவு மீறினால் எரிகிற சிவப்பு விளக்கு காமாட்சியில் எரிந்தது. எந்தப் பாடகன் பாட்டுக்கும் இத்தனை வருஷத்தில் எரியாத விளக்கு. பந்தலில் சிரிப்பு கிளம்பியது. வழக்கப்படி தெய்வசிகாமணியும் சிரித்தார். அரை வாய்தான் திறந்தது.

'அடக்கி வெச்சா சிறப்புன்னு அலறவிட்ட தாய்மாமன்
அடுப்பு மேல பால் பொங்குனா அடக்கத் தெரியாது மாமன்'

கொளஞ்சியே, சொந்த அக்காவே, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்து பாட்டு முன்வரிசைக்குத் தாவியது.

'பாலத்து மேல குந்திக்கினு பாட்டு பாடும் வீரரு
பரீட்சையில மூணு தரம் படுத்துக்கின சூரரு'

பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. பந்தல் முழுக்க ஒரே பையனைத் திரும்பிப் பார்த்தது. கால்மேல் இருந்த கால் தானாக இறங்கியது. அதற்கடுத்தவனுக்கு ஒரு பாட்டு, அடுத்தவனுக்கு இன்னொன்று. எழுந்து போனால் மாப்பிள்ளை கட்சி தோற்றுவிடும் என்பதால் அத்தனை பேரும் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தெய்வசிகாமணி கடிகாரத்தைப் பார்க்க மறந்து வெகுநேரமாகியிருந்தது. இருபது வருஷமாகப் பாட்டை விற்றுப் பிழைக்கிற மனிதர். எது குரல் எது வெறும் கூச்சல் என்று அவருக்குத் தெரியும். இது குரல். தவில் இல்லை, டிரம்ஸ் இல்லை, எக்கோ இல்லை. கம்பத்துக் குழாயையே அந்தக் குரல் திணற அடித்தது. இந்தப் பொம்பளையா தினமும் எனக்குக் குழம்பு ஊற்றுகிறாள் என்று அவர் வாயைப் பிளந்தபடி பார்த்தார். ஒரு வெற்று கேசட்டைத் தேடி, பதிவு பட்டனை அழுத்தினார். அது கை செய்த காரியம், அவர் யோசித்துச் செய்யவில்லை.

அப்போது சாமுண்டீஸ்வரி ராகத்தைத் தாழ்த்தினாள். கூட்டுப்பாட்டு நின்றுவிட்டது. அவள் மட்டும் தனியாகப் பாடினாள்.

'எட்டூருக்குக் கேக்குதய்யா மாமன் வெச்ச குழாய்ப் பாட்டு
எட்டடியில அழுவுற மக சத்தம் மட்டும் கேக்கலையே'

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. பந்தல்கால் ஓரமாக சங்கீதா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள். தெய்வசிகாமணியின் கை வால்யூம் திருகின் மேல் இருந்தது. ஒரு திருகு திருகினால் போதும், மைக் ஊமையாகிவிடும், மானம் தப்பிவிடும். அவர் மகளைப் பார்த்தார். இத்தனை நாளும் அவள் அடுத்த அறையில்தான் படுத்திருந்தாள். உண்மையிலேயே அவருக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு திருகைத் திருப்பினார். சத்தம் ஏறியது. காமாட்சி தாங்குகிற மட்டும் ஏற்றினார்.

ஏசல் இரண்டே கால் மணி நேரம் நடந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுக்க வந்த மனைவியிடம் அவர் கேட்டார்.

"அன்னிக்கு கூட்டத்துல ஏன் 'வணக்கம்' சொல்லிட்டு குந்திட்ட?"

"அன்னிக்கு சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லைங்க."

அரை மணி போதும் என்று அவள் கெஞ்சியதே தூண்டில் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குத்துப்பாட்டு சிடியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

திங்கட்கிழமை சங்கீதா பள்ளிக்கூடம் கிளம்பினாள். இவர் எட்டு மணிக்கே எழுந்து வண்டியில் பின்னாலேயே போய் ஒளிந்து பார்த்தார். பாலத்தின் மேல் பசங்கள் இருந்தார்கள். சங்கீதாவின் சைக்கிள் பாலம் ஏறியதும் ஒருவன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து உப்பளத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. லாரியிலிருந்து 'பாலத்து மேல குந்திக்கினு' என்று ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், மறு வரி வருவதற்குள் பாலம் காலி. சங்கீதா ஒரு கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனாள். தெய்வசிகாமணி திரும்பி வரும் வழியெல்லாம், எல்லாம் நம்ம செட்டோட மகிமை என்று பார்த்தவர்களிடம் சொன்னார்.

பத்து நாள் கழித்து இரும்பை ஊரிலிருந்து ராஜாங்கம் என்று ஒரு பெரிய மனிதர் கல்யாணத்துக்கு முன்பதிவு செய்ய வந்தார். தெய்வசிகாமணி சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தினி பாக்ஸ் வேணுங்க? குழாய் நாலு கட்டிடலாமா?"

"அதெல்லாம் அம்மாகிட்ட பேசிக்கறேங்க. அம்மா இல்லீங்களா?"

"எந்த அம்மா?"

"ஏசல் பாடற அம்மா. எங்க பொண்ணு கல்யாணத்துக்கு அவங்க குழுவத்தான் கூப்ட வந்தேன்."

தெய்வசிகாமணி தொண்டையைச் செருமினார். "அப்ப மைக் செட்டு?"

ராஜாங்கம் பதில் சொல்வதற்குள் சாமுண்டீஸ்வரி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"செட்டுக்கு நீங்க கவலப்படாதீங்கண்ணா, நாங்களே கொண்டாந்துடறோம். ஒயர் இழுக்கவும் நம்மகிட்டயே ஒரு ஆளு இருக்காரு" என்றாள். "அவருக்கு மட்டும் நேரத்துக்கு சாப்பாடு போட்டுடுங்க."