மலிவுக் கரண்டும் மாப்பிள்ளை வீடும்

சத்தம் போடாத எதையும் நம்பக் கூடாது. அடுப்பில் இருக்கிற பால் ஒன்று. எலக்ட்ரிக் கார் ஒன்று. (இன்னொன்றும் உண்டு. ஆனால் இதை என் மனைவி சரஸ் படிப்பாள்.)

நான் லோரி ஓட்டியவன். படிப்பு எஸ்டேட் பள்ளியோடு சரி. லோரியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். என் மகள் தேவி வாங்கிய காருக்குச் சத்தமே கிடையாது. அவளுக்குத் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈப்போ வீட்டுக்கு வருவாள். கார் வந்து நிற்பதே தெரியாது. மேகம் வந்து நிற்பது போல நிற்கும். அவள் உள்ளே போனபின் நான் போய் அதில் உட்காருவேன். முன்கண்ணாடியில் சுண்ணாம்பு மலை தெரியும். கார் நின்றபடிதான் இருக்கும். எனக்கு எங்கேயோ போய்க்கொண்டிருப்பது போல இருக்கும்.

வாசல் சுவரில் சார்ஜ் பெட்டி மாட்டினோம். கூடவே ஒரு கார்டு, பெட்டியில் அதைத் தட்டினால் கரண்ட் ஏறும், மறுபடி தட்டினால் நிற்கும். அப்போதுதான் கேள்வி வந்தது. வீட்டுக் கரண்டுக்கு இரண்டு ரேட் உண்டாம். ஒன்றில் எந்த நேரமும் ஒரே விலை. இன்னொன்றில் நேரத்தைப் பார்த்து விலை. வார நாளில் மதியம் இரண்டு மணியிலிருந்து இரவு பத்து வரை கூடுதல். மற்ற நேரம் மலிவு. சனி, ஞாயிறு முழுக்க மலிவு. நமக்கு எது லாபம்?

பல வாரம் யோசித்தேன். வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு யோசித்ததில்லை. கல்யாணத்தைக்கூட.

சரஸின் அண்ணன் மணியம் ஒரே ரேட்டுக் கட்சி.

"வேணும்போது பிளக்கக் குத்து, வேணாட்டி கழட்டு. கடிகாரத்தப் பாத்துக்கிட்டு இருக்க நீ என்ன பேங்க்கா மச்சான்?"

"மலிவாக் குடுக்குறப்ப வாங்காதவன் மடையன்லா" என்றேன்.

நேர ரேட்டுக்கு மாற்றினேன். மாற்றியதும் வீட்டில் நானே கங்காணி. எஸ்டேட்டில் விடியுமுன் பெரட்டுக்கு ஆள்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பார்கள். அதே மாதிரி துணி மெஷின், இஸ்திரிப் பெட்டி, சோற்றுக் குக்கர் எல்லாவற்றுக்கும் வேலை பிரித்தேன். சரஸிடம் சொன்னேன்:

"ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் கெட்ட நேரம். எதையும் போடாத."

அவள் சமையலறை நாட்காட்டியைப் பார்த்தாள். ராகு காலம், எமகண்டம் எல்லாம் அதில்தான் பார்ப்பாள்.

"ராகு காலமே நாளுக்கு நாளு மாறுது. இது மாறாதா?"

"மாறாது."

சனி, ஞாயிறு விலக்கு என்று நான் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் தேவி ஒரு பையனைச் சொன்னாள். கஜன். அவளோடு வேலை பார்ப்பவன். சொந்த ஊர் பாகான் செராய். அப்பா சிவபாலன், நீர்ப்பாசன இலாகாவில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி. அவருடைய தாத்தா எஸ்டேட் ஆபீசில் பேர் பதியும் கிராணியாம். என் தாத்தா வரிசையில் நின்று பேர் கொடுத்தவர். அதே எஸ்டேட் இல்லை. ஆனால் நடுவிலிருந்த மேசை ஒரே மேசைதான்.

சிவபாலன் சம்மதம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "ஒருக்கா வாங்கோ, பார்ப்பம்" என்றார். அவ்வளவுதான். தேவி அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதாக முடிவானது. பெண் வரக் கூடாது. நான், சரஸ், தாய்மாமன் என்ற முறையில் மணியம். நாலரைக்கு ராகு காலம் பிறக்கும். அதற்குள் அவர்கள் வாசலை மிதிக்க வேண்டும். தவறினால் பேச்சைத் தள்ளிவைப்பார்கள். தள்ளிவைத்த பேச்சு திரும்ப எழுந்து நடந்ததை நான் பார்த்ததில்லை.

"என் காடியில போலாம் மச்சான். எண்ணெய் நெறைய இருக்கு" என்றான் மணியம்.

அவன் காடி புகை விடும். எனக்கு வேறு கனவு. சிவபாலன் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தலை நிமிர்கிறார். சத்தமே இல்லாமல் நாங்கள் வாசலில் நிற்கிறோம்.

வெள்ளிக்கிழமை தேவி வந்தபோது முக்கால்வாசி சார்ஜ் காலி. குத்தப் போனாள். "பத்து மணி ஆவட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றேன். பத்து மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலையில் குத்திவிட்டு வெளி வேலையாகப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தேன். பெட்டியில் பச்சை விளக்கு. பச்சை என்றால் போகலாம். லைசென்ஸ் எடுத்த எவனுக்கும் தெரியும். (நீலம் எரிந்தால்தான் கரண்ட் ஏறுகிறதாம். பச்சை என்றால் சும்மா காத்திருக்கிறதாம்.) நாற்காலியைப் போட்டு அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மலிவுக் கரண்ட் சொட்டுச் சொட்டாக, ரப்பர்ப் பால் கோப்பையில் இறங்குவது போல, காருக்குள் இறங்குவதாக நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு கிளம்பும்போது தேவி கேட்டாள். "அப்பா, சார்ஜ் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் போனில் கஜன் இருந்தான்.

தைப்பிங் தாண்டியதும் காருக்குள் மணி அடித்தது. சீட் பெல்ட்டாக இருக்கும் என்று சரஸை இறுக்கிப் போடச் சொன்னேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியபின் மணியம் முன்னால் குனிந்து பார்த்தான்.

"மச்சான், இதுல ஆமை படம் ஒன்னு வருது."

"டிசைனா இருக்கும்."

டிசைன் இல்லை. சார்ஜ் தீரப்போகிறது என்பதற்கு அடையாளமாம். நான் மிதிக்க மிதிக்கக் கார் மெதுவாகப் போனது. ஏர்கோனை அடைத்துக் கண்ணாடியை இறக்கினோம். இரண்டு பக்கமும் வயல். பச்சைக்கு முடிவே இல்லை. வாய்க்கால் தண்ணீரில் வானம் கிடந்தது. கொக்குகள் எங்களைப் பார்த்தன, பறக்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று அவற்றுக்கே தெரிந்தது. சைக்கிளில் ஒரு மலாய்க்காரக் கிழவர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது தலையாட்டினார். நெல் வாசனை உள்ளே வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த நேரம் சுகமாக இருந்தது. கனவில் இப்படித்தான் ஓட்டுவேன்.

"நேத்து முழுக்கக் குத்தித்தானே கெடந்துச்சு?" என்று சரஸைக் கேட்டேன்.

"கெடந்துச்சு. நாந்தான் கார்டத் தட்டி நிப்பாட்டுனேன்."

"ஏன்?"

"நல்ல காரியத்துக்குப் போற காடி. ஒம்பதுக்கு ராகு காலம்."

"அப்பறம்?"

"மத்தியானம் எமகண்டம் வருது. எடையில எதுக்கு அரையும் கொறையுமா?"

"அதுக்கும் அப்பறம்?"

"அப்பறம் ஒங்க கெட்ட நேரம். பத்து மணிக்கு நான் தூங்கிட்டேன்."

மணியம் பின்சீட்டில் தொடையைத் தட்டிச் சிரித்தான். "ஊரு ஒலகத்துக்கு ஒரு ராகு மச்சான். நீ மாசாமாசம் பில்லு கட்டி இன்னொன்னு வச்சிருக்க!"

சிவபாலன் வீட்டு கேட் கண்ணுக்குத் தெரிந்தது. அங்கேயே கார் நின்றுவிட்டது. சத்தமில்லாமல்.

மணி நாலேகால். நடந்து போயிருக்கலாம். ஆனால் வழியை அடைத்துக்கொண்டு கார் நிற்கிறது. பின்னால் நெல் லோரி ஒன்று ஹாரன் அடிக்கிறது. சரஸை ஸ்டீரிங்கில் உட்கார வைத்தேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது. பழத்தட்டு மடியில் இருந்தது, அதையும் அவள் விடவில்லை. நானும் மணியமும் தள்ளினோம். கேட்டிலிருந்து கஜன் ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருவர் மெதுவாக வந்தார். கைப்பட்டனைக் கழற்றி மடித்துவிட்டு என் பக்கத்தில் நின்று தள்ளினார். சிவபாலன். சரஸ் ஸ்டீரிங்கை ஒடித்த ஒடியில் நான் வாய்க்கால் ஓரம் சறுக்கினேன். பட்டு வேட்டி இடுப்பு வரை சேறு.

நாலரைக்குச் சற்று முன் வாசலை மிதித்தோம். நால்வர் தள்ள, சரஸ் மட்டும் ராணி மாதிரி வந்து இறங்கினாள்.

வணக்கம் சொல்லியிருக்க வேண்டும். மூச்சு வாங்கியது. பல வாரமாக மனதில் இருந்ததுதான் வாயில் வந்தது.

"ஐயா, ஒங்க வீட்டுக் கரண்டு எந்த ரேட்டு?"

சரஸ் என் முழங்கையைக் கிள்ளினாள். சிவபாலன் மடித்த கையை இறக்கிப் பட்டன் போட்டார்.

"ஒரே ரேட்டுத்தான். எந்த நேரமும் குத்தலாம்" என்றார்.

"பாத்தியா மச்சான்!" என்று மணியம் கத்தினான். எங்கள் சம்பந்தப் பேச்சு ஆரம்பித்தது இப்படித்தான்.

கார் ஒயர் எட்டவில்லை. தீபாவளிக்கு விளக்குச் சரம் போடும் நீட்டு ஒயரைச் சிவபாலனே எடுத்து வந்தார். சாதாரணப் பிளக். சொட்டுச் சொட்டாகத்தான் ஏறியது. ஈப்போ போகுமளவு ஏற விடியும் என்றான் கஜன். தானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான். இன்னும் மாப்பிள்ளையே ஆகவில்லை, அதற்குள் டிரைவர் ஆக்க எனக்கு மனம் வரவில்லை. சரஸோ, ராகு காலத்தில் வாசல் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

ஆக, வீடு பார்க்கப் போனவர்கள் அங்கேயே தங்கினோம். எங்கள் வம்சத்தில் இல்லை. யார் வம்சத்திலும் இருக்காது.

குளித்துவிட்டு சிவபாலனின் கைலியை, அவர்கள் பேச்சில் சாரத்தை, கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். புட்டும் மீன் குழம்பும். காரியம் கெட்டது, வீட்டுக்குப் போய் மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பிசைந்துகொண்டிருந்தேன்.

"மன்னிக்கணுங்க" என்றேன்.

அவர் குழம்பை என் பக்கம் தள்ளினார். "உங்கட ஆட்கள் எப்படி, எங்களோட ஒத்து வருமோ எண்டு மாசக்கணக்கா யோசிச்சுக்கொண்டிருந்தன். இப்ப என்ர சாரத்தைக் கட்டிக்கொண்டு என்ர மேசையில இருக்கிறியள். இனி என்னத்தை யோசிக்கிறது? நல்ல நாளாப் பாருங்கோ."

கஜன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான். நான் இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டுக்கொண்டேன்.

கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வந்த தட்டுகளில் ஒன்றில் எனக்கு ஒரு புதுச் சாரமும் சுருட்டிய நீட்டு ஒயரும் இருந்தன. மண்டபமே சிரித்தது. சிரிக்காதவர்களுக்கு மணியம் விளக்கம் சொன்னான், இது எங்கள் பரம்பரை வழக்கம் என்று.

போன மாதம் ஈப்போ பக்கத்து லகாட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். தெரிந்தவர்கள், சொந்தமில்லை. வரிசையாகத் தட்டுகள். வெற்றிலை, தேங்காய், பழம், புடவை. கடைசித் தட்டில் சிவப்பு நாடா கட்டிய நீட்டு ஒயர்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"பழைய சம்பிரதாயம்லா அண்ணே" என்றார் பெண்ணின் அப்பா. "நம்ப பெரியவங்க காரணம் இல்லாமயா வச்சிருப்பாங்க?"

ஒயரைத் தொட்டுக் கும்பிட்டேன்.