பன் வேன் மேலே போச்சு

மலை ஏறி ஓடுவது என்று முடிவெடுத்தேன். உடம்புக்காக இல்லை. உட்காருவதற்காக.

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பகல் முழுக்க உட்கார்ந்து உழைத்த களைப்பு தீர, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதில் உட்காருவேன். என் முதுகின் மேடுபள்ளம் முழுக்க அதற்கு மனப்பாடம்.

போன மாதம் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனவன், பாதிப் படியில் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு எனக்குப் பின்னால் ரொம்ப தூரத்தில் வந்துகொண்டிருந்தது. மனைவி உடனே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் பேசினார். எனக்குச் சந்தோஷம்தான். உட்காரத்தானே சொன்னார்!

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வந்தது.

"இந்த நாற்காலிய என் தம்பிக்குக் குடுக்கப் போறேன்."

"ஏன், உன் தம்பி நிக்கிறானா?"

"நீங்க நடக்கணும். அதுக்குத்தான்."

"நான் நடக்க மாட்டேன்னு யாரு சொன்னா? நான் நெனச்சா ஓடவே செய்வேன்!"

சொன்ன நேரம் சரியில்லை. என் கையில் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு நோட்டீஸ் இருந்தது. ஊர்க்காரர்கள் நடத்தும் மலைப்பாதை ஓட்டம். 'இயற்கை எழில் கெஞ்சும் பாதை' என்று அச்சுக் கோர்த்திருந்தார்கள். நான்தான் சிவப்பு மையால் 'கொஞ்சும்' என்று திருத்தினேன்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அமைதியாகப் படித்தால் ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று அர்த்தம்.

"சரி. இதுல ஓடுங்க. ஓடி முடிச்சிட்டா நாற்காலி இந்த வீட்ட விட்டுப் போகாது. நடுவுல நின்னுட்டா தம்பி வண்டியோட வருவான்."

"சத்தியமா?"

"சத்தியமா. வீட்ட விட்டுப் போகாது."

மறுநாள் காலையிலிருந்து பயிற்சி. தினமும் ஒரு மணி நேரம். கிளம்பும்போதும் திரும்பும்போதும் கடிகாரம் பார்ப்பாள். ஊர் எல்லையில், மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில், ஒருவர் வேனில் டீயும் பன்னும் விற்பார். வேன் பக்கத்தில் ஒரு பெஞ்ச். பெஞ்சைப் பார்த்ததும் என் பயிற்சி முடிந்தது.

சூடான பன்னைப் பிய்த்துக்கொண்டே திட்டம் போட்டேன். ஒரு மணி நேரம் இங்கே. கிளம்பும்போது சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் வியர்வை.

"நான் இங்க உக்கார்றத யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்றேன்.

"மொதல்ல நீங்க மூச்சு விடுங்க சார். முகமே செவந்து கெடக்கு" என்றார் வேன்காரர். நல்ல மனுஷன்.

ஒரு வாரம் சுகமாகப் போனது. அடுத்த வாரம் போனால் வேனைக் காணோம். பெஞ்சையும் காணோம். நிமிர்ந்து பார்த்தால் முதல் வளைவில் நிற்கிறது. மூச்சிரைக்க ஏறினேன்.

"என்னங்க இது, இங்க வந்துட்டீங்க?"

"கீழ ஒரே தூசி சார். பன்னுல படியுது."

நியாயம்தான். அதற்கடுத்த வாரம் வேன் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறிவிட்டது. கேட்டால், முதல் வளைவில் நிழல் இல்லையாம். அப்புறம் ஏரி தெரிகிற வளைவு. அங்கே காற்று நன்றாக வருகிறதாம்.

"காத்து வந்தா அடுப்பு அணையாதா?"

"அணைஞ்சா பத்த வச்சுக்கலாம் சார்."

வேன் மேலே போகப் போக எனக்கு நெருக்கடி. வீட்டில் அதே கடிகாரம், அதே ஒரு மணி நேரம். நடந்து போனால் டீ ஆறுவதற்குள் திரும்ப வேண்டும். அதனால் கொஞ்சம் ஓடினேன். அப்புறம் நிறையவே ஓடினேன். இது போதாதென்று பன்னும் வாரா வாரம் சிறுத்தது. கடைசியில் சட்டைப் பித்தானுக்கு அண்ணன் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்.

"பூதக்கண்ணாடி இருக்கா?" என்றேன்.

"விலைவாசி சார்" என்றார்.

சர்க்கரையும் நின்றுபோனது. சட்டையில் தண்ணீர் தெளிப்பதையும் நான் நிறுத்தியிருந்தேன். தேவைப்படவில்லை. அதன் காரணத்தை நான் யோசிக்கவில்லை. அச்சில் வந்தால்தான் எனக்குப் பிழை கண்ணில் படும்.

ஓட்டத்துக்கு முதல் நாள் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். முதல் வளைவுவரை ஊர் பார்க்க ஓடுவேன். அங்கே வேன் நிற்கும். பன் கூடைகளுக்கு நடுவில் நான் படுத்துக்கொள்வேன். மலையுச்சி தாண்டி, இறக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் இறக்கிவிடுவார். மிச்சம் கொஞ்ச தூரம் ஓடினால் நாற்காலி எனக்கு. அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை விசில் ஊதினார்கள். முதல் வளைவுக்கு வந்தேன். வேன் இல்லை. தண்ணீர் கொடுக்க நின்றிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"பன் வேனா? இப்பதான் மேல போச்சு."

சரி, தொட்டிகிட்ட இருக்கும். ஓடினேன். தொட்டியருகே வழி காட்டுகிறவர் கையை நீட்டினார்.

"வேன் மேல போச்சு சார்!"

ஏரி வளைவிலும் அதே பதில். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பாங்க் மேனேஜர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளைய பல் டாக்டர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். இவர்களை நான் எப்போது தாண்டினேன்?

நின்றுவிடலாமா என்று தோன்றியது. நின்றால் மச்சான் வண்டியோடு வருவான். ஓடினேன். கீழே ஏரி பளபளத்தது. புல்சரிவில் மாடுகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. மரங்களுக்கு நடுவே பனி மெதுவாக விலகியது. எழில் கொஞ்சியது, வாஸ்தவம். நான்தான் கெஞ்சினேன். அச்சுக் கோர்த்தவர் சரியாகத்தான் கோர்த்திருக்கிறார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மலையுச்சி வந்தது. வேன் நின்றது. வேனுக்குப் பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டு என் மனைவி நின்றாள்.

வேன்காரர் வானத்தைப் பார்த்தார். நான் வேன்காரரைப் பார்த்தேன்.

"நான் மூச்சே விடல சார்" என்றார். "மொத நாளே அம்மா வந்து கேட்டாங்க. தலைய மட்டும்தான் ஆட்டினேன்."

"அப்ப... தூசி? நிழல்? காத்து?"

"எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்" என்றாள் மனைவி. "ஓடுங்கன்னா ஓட மாட்டீங்க. பன்ன மேல வச்சா ஏறி வருவீங்க. வாரம் ஒரு வளைவு. நல்ல கணக்குதானே?"

"பன் சிறுத்தது?"

"அது கழித்தல்."

'ஏற்றம்' என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு 'மா' நுழைந்தால் 'ஏமாற்றம்'. பிழை திருத்துகிற எனக்கு அது தெரியாமல் போச்சே! பன் எதில் செய்கிறார்கள்? மாவில்.

கோபம்தான் வந்திருக்க வேண்டும். "இதெல்லாம் எதுக்கும்மா?" என்றுதான் கேட்க வந்தது.

டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க படியில நின்னு மூச்சு வாங்கினீங்களே, அன்னைக்கு நான் அடுப்படில குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதேன். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு."

எனக்குக் கேட்டிருக்கவில்லை. இந்த மனுஷி எனக்காக ஒரு வேனையே மலையேற்றியிருக்கிறாள். எனக்கு வேறென்ன வேண்டும்? அந்த வேன்காரருக்கும், அந்தப் பித்தான் பன்னுக்கும்கூட மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

"வேன்ல ஒரு ஆளுக்கு இடம் இருக்கு" என்றாள். "வர்றீங்களா?"

"நாற்காலி?"

"அது தம்பி வீட்டுக்கு."

"டீய நீயே குடி!" என்று இறக்கத்தில் பாய்ந்தேன். பின்னால் அவள் சிரிப்பது கேட்டது. நல்ல சத்தமாகவே சிரித்தாள்.

ஓடி முடித்தேன். எல்லைக்கோட்டில் யாரோ கழுத்தில் ஒரு பதக்கம் மாட்டினார்கள். முன்னால் வந்தவர்கள் பலர். பின்னால் வந்தவர்களும் இருந்தார்கள், அதுதான் முக்கியம். பாங்க் மேனேஜர் வந்து கைகொடுத்து, "எங்க சார் பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டார். "பேக்கரில" என்றேன். நம்பவில்லை.

பதக்கத்தோடும் மனைவியோடும் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். நேராகப் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பு.

ஹாலில் நாற்காலி இல்லை.

"அடியே! சத்தியம் பண்ணினியே! வீட்ட விட்டுப் போகாதுன்னு?"

"போகல. வீட்டுலதான் இருக்கு."

"எங்க?"

"மொட்டை மாடி ரூம்ல. காலைல தம்பி வந்து தூக்கி வச்சிட்டுப் போனான். ஹால்லயே இருக்கும்னு சொன்னேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. வாக்கியத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

மாடிக்கு ஏறினேன். பாதிப் படியில் பழக்கத்தில் கைப்பிடிச் சுவரைத் தேடியது கை. தேவைப்படவில்லை. மூச்சு என்னோடுதான் வந்தது. நின்று ஒரு நிமிஷம் அந்தச் சுவரைத் தடவிக் கொடுத்துவிட்டு மேலே போனேன்.

என் நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. தூரத்தில் நான் ஓடிய மலை தெரிந்தது. உட்கார்ந்தேன், சாய்ந்தேன், கண்ணை மூடினேன்.

கீழேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க! டீயும் பன்னும் கீழ வச்சிருக்கேன். இறங்கி வந்து சாப்பிட்டுட்டு ஏறுங்க!"