சிக்னல்ல நின்ன ஸ்கூல் வேன்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. லீவு லெட்டர்ல சார்கிட்ட கையெழுத்து வாங்கணும்.

காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித்தர ட்ரெயினிங் எடுத்துட்டிருக்கேன், ஆழ்வார்பேட்டையில. ப்ராக்டிகலுக்கு மூணு நாள் மட்டம். காரணம், மதுரையில அத்தை பொண்ணு கல்யாணம். லெட்டர்ல எழுதினது? கடும் காய்ச்சல்! கையெழுத்து விழலைன்னா ஹால் டிக்கெட் கிடையாது.

பஸ்ஸை விட்டு இறங்கி சிக்னல்ல நிக்கறேன். எதிர்ப்பக்கம் என்கூடப் படிக்கிற திவ்யா. நடுவுல ஒரே ஹாரன். கத்தினாலும் கேக்காது. நமக்கென்ன, சைகை மொழி தெரியுமே!

"உடம்பு எப்படி இருக்கு?"ன்னு கையாலயே கேட்டா.

"காய்ச்சலாவது ஒண்ணாவது! கல்யாணத்துக்குப் போனேன்!"

"சார் நம்புவாரா?"

"அவரா? பாவம், எது சொன்னாலும் நம்புவாரு!"

அதோட விட்டேனா? மாப்பிள்ளையோட மீசை, நான் மூணு தடவை பாயசம் வாங்கினது, மண்டபத்துல போட்ட குத்தாட்டம், எல்லாத்தையும் ரோட்டோரத்துல நடிச்சே காட்டினேன்.

இளநீர் வெட்டறவர் கத்தியைக் கீழ வச்சிட்டாரு. "இன்னாம்மா, உடம்புக்கு எதுனா ஆயிட்ச்சா?"

அவருக்கு ஒண்ணும் புரியலைன்னு எனக்கு ஒரே பெருமை. சத்தம் வராததெல்லாம் ரகசியம்னு நினைக்கிற ஜென்மம் நான். ஆறு மாசம் படிச்ச லட்சணம்!

திரும்பினா, சிக்னல்ல முதல் வண்டியா எங்க ட்ரெயினிங் சென்டரோட ஸ்கூல் வேன். ஜன்னல் பூரா அஞ்சாங்கிளாஸ் பிள்ளைங்க. ரெண்டு கையையும் தூக்கி ஆட்டறாங்க. காது கேக்காதவங்க கைதட்டறது அப்படித்தான்.

பச்சை விழுந்துது. வேன் கிளம்பிடுச்சு. நானும் ஓடினேன். வேன்தான் ஜெயிச்சுது.

மூச்சு வாங்க சென்டருக்குள்ள போனா, குமரன் சாரைச் சுத்தி ஒரே கும்பல். சாருக்கும் காது கேக்காது. சைகை மொழி சொல்லித்தர்றவரே அவர்தான். அவர் முன்னாடி ஒருத்தி மீசை முறுக்கறா. இன்னொருத்தன் என் குத்தாட்டத்தை என்னைவிட நல்லா ஆடறான்!

லெட்டரை நீட்டினேன். சார் நிதானமா படிச்சாரு. "காய்ச்சல் எவ்ளோ இருந்தது?"ன்னு கையால கேட்டாரு.

"நூத்தி ரெண்டு"ன்னேன்.

பின்னாடியிருந்து ஒரு வாண்டு கையை நீட்டித் திருத்துது: "பாயசம் மூணு."

எனக்கு வெக்கம் பிடுங்கித் தின்னுது. மூணு நாளும் "கஞ்சி குடிச்சீங்களா?"ன்னு மெசேஜ் போட்ட மனுஷன் அவர்.

"மூணு சனிக்கிழமை வந்து ஈடு கட்டுங்க. அப்புறம்தான் கையெழுத்து"ன்னாரு சார். போறப்போ திரும்பி, "ஆனா இன்னிக்கு உங்க சைகை ரொம்பத் தெளிவாம். பிள்ளைங்க ஒரு வார்த்தைகூட விடலை."

ரகசியம் பேசணுமா? தயவுசெஞ்சு வாயைத் திறந்து பேசுங்க. அதான் பாதுகாப்பு.