அக்காவுக்கு ஆலை உரிமம்

மக்கள் உட்கொள்ளும் எந்த மருந்திலும் குறை இருக்கக் கூடாது என்பது மருந்து அனுமதி அலுவலகத்தின் முதல் விதி. நியாயமான விதிதான். அதில்தான் ஆராய்ச்சிக்காரி மாட்டிக்கொண்டாள்.

ஊரெல்லாம் விஷக் காய்ச்சல். அவளுடைய அக்கா ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தாள். அவள் கண்டுபிடித்த மருந்து தயார். துணிந்து முதலில் போட்டுக்கொண்டவர்கள் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார்கள். அனுமதி ஒன்றுதான் பாக்கி.

இணை இயக்குநர் விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே கண்ணாடியைக் கழற்றினார்.

"'குறையுள்ள வைரஸ் துகள்'னு எழுதியிருக்கீங்களே மேடம். குறையை நீக்கிட்டுக் கொண்டு வாங்க."

"குறையை நீக்கினா அதுதான் சார் நோய்."

"நோயோ நொடியோ, தரம் முக்கியம்."

அவள் பொறுமையாக விளக்கினாள். "இது தனியா ஒண்ணும் செய்யாது சார். வேலை செய்யற வைரஸ் பக்கத்துல போய் உட்காரும். அதுக்கு வர வேண்டியதையெல்லாம் தானே எடுத்துக்கும். தன்னை மாதிரியே இன்னும் பத்தைச் சேர்த்துக்கும். கடைசியில அந்த வைரஸால ஒரு வேலையும் செய்ய முடியாது."

தலைமை எழுத்தர் டீ டம்ளரை மெல்லக் கீழே வைத்தார்.

"நல்லாப் புரியுது," என்றார் இணை இயக்குநர். அந்தத் துகளின் மேல் அவருக்கு முதன்முறையாக ஒரு மரியாதை வந்திருந்தது. "ஆனா ஒரே ஊசி போதும்னு இருக்கே. மிச்ச மருந்து எங்கேருந்து வரும்?"

"நோயாளியோட உடம்பே தயாரிச்சுக்கும். வைரஸ் இருக்கிற வரைக்கும்."

"அப்போ நோயாளி ஒரு மருந்து ஆலை. உரிமம் இல்லாம உற்பத்தி பண்றது குற்றம் மேடம்."

அக்காவுக்காக அவள் தலைகீழாக நிற்கவும் தயார். அக்கா பெயரிலேயே ஆலை உரிமம் கேட்டாள். தொழிற்சாலை ஆய்வாளர் டேப்போடு வார்டுக்கு வந்து, அக்காவை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளந்தார்.

"புகை போற வழி?"

நர்ஸ் அக்காவின் மூக்கைக் காட்டினாள்.

"அவசர வழி?"

"அதுல ஒரு கால் வெச்சாச்சு தம்பி," என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "நீங்க கையெழுத்துப் போட்டா திரும்பி வரலாம்."

அவர் போட்டார். ஊசி ஏறியது. காய்ச்சல் இறங்கி, அக்கா எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். தங்கை வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று அழுதுவிட்டு வந்தாள்.

வீடு திரும்பிய அக்கா முதல் வேலையாக வாசலில் போர்டு மாட்டினாள்: 'அரசு உரிமம் பெற்ற மருந்து ஆலை'. எதிர்வீட்டுக்காரிக்கு வயிறு எரிந்தது. லேசாகத் தும்மியவர்கூட உரிமத்துக்கு ஓடினார். கல்யாண விளம்பரங்களில் மாப்பிள்ளைகள் 'சொந்த ஆலை உள்ளவர்' ஆனார்கள். ஊசி ஊரெல்லாம் பரவ, காய்ச்சல் இருந்த இடம் தெரியாமல் போனது. வைரஸ் போனதும், அதை நம்பிப் பிழைத்த துகள்களும் போயின.

அப்புறம்தான் நோட்டீஸ்கள் வந்தன. முன்னனுமதியின்றி உற்பத்தியை நிறுத்தியதால் உரிமங்கள் ரத்து. போர்டுகளைக் கழற்ற வேண்டும்.

ஆராய்ச்சிக்காரி இணை இயக்குநரிடம் ஓடினாள். "நோய் தீர்ந்துபோச்சு சார். அதுக்குத்தானே மருந்து?"

"ஆலை ஓடணும்னா மூலப்பொருள் வேணாமா மேடம்? அதையே தீர்த்துக் கட்டிட்டீங்களே."

போர்டுதானே, கழற்றினால் போகிறது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் ஊர்வலம். 'மூலப்பொருள் வழங்கு' என்ற தட்டியோடு முன்னால் நடந்தவள் அக்கா. கன்னம் உப்பி, நல்ல நிறமாக இருந்தாள்.

"அக்கா, நீ செத்துப் பிழைச்சவ."

"எனக்குத் தெரியாதா? ஆனா போர்டு இல்லாம எதிர்வீட்டுக்காரி முகத்துல எப்படிடி முழிக்கிறது? உன் ஆய்வகத்துல அந்த வைரஸ் கொஞ்சம் இருக்குமாமே. கூடப் பிறந்தவளுக்கு ஒரு சொட்டு தரக் கூடாதா?"

தங்கை நேராக ஆய்வகத்துக்குப் போய், குளிர்பெட்டியில் மிச்சமிருந்த வைரஸை ஒரு துளி விடாமல் அழித்தாள்.

தொழில் வளர்ச்சிக்கு இன்றியமையாத மூலப்பொருளை நாசம் செய்ததாக அவள் மேல் வழக்குப் போட்டார்கள். அரசுத் தரப்பின் முதல் சாட்சி அக்கா. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்ததால், சாட்சிக் கூண்டில் நாற்காலிகூடக் கேட்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள்.