பேச்சிப்பாறையில் வந்த வெள்ளம்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் தமிழ் கற்பித்தவன் நான். என் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டு, வீட்டில் இல்லை. அந்த இழப்புக்குக் காரணமான காலைப்பொழுதைப் பிறர் திரித்துச் சொல்லுமுன் நானே எழுதிவிடுவது என்று துணிந்திருக்கிறேன். (என் மகன் அதைக் கல்யாண வீடுகளில் நடித்தே காட்டுகிறான்.)

மணமான பதினோராம் நாள் நானும் என் மனைவி சரோஜமும் பேச்சிப்பாறை அணைக்கட்டுக்குப் புறப்பட்டோம். நண்பர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள். நாகர்கோவிலிலிருந்து ஒரே பேருந்தில் போய் இறங்கக்கூடிய தேனிலவே கண்ணியமானது என்பது என் அன்றைய கொள்கை.

சரோஜம் தேங்காய்ப்பட்டணத்துப் பக்கத்துப் பெண். பேச்சில் பாதி மலையாளம். விடுதியில் வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள், விரிவுரையாளரின் மனைவி திருத்தமாகப் பேச வேண்டும் என்று பேருந்திலேயே பாடத்தைத் தொடங்கினேன். குடிப்பதையும் குளிப்பதையும் 'வெள்ளம்' என்று சொல்லக்கூடாது, அது 'தண்ணீர்'. 'வெள்ளம்' என்றால் கரையை உடைத்துக்கொண்டு வருவது.

"சாரே, வீட்டுப்பாடமும் தருவியளா?" என்று கேட்டாள்.

நான் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் பெரிய மனிதனாக நிற்பதற்கு எனக்கு வாய்த்தவை அந்த இரண்டு நாள்கள்தாம். என் வண்டவாளங்களை எடுத்துரைக்க வீட்டில் மூன்று தங்கைகள் காத்திருந்தார்கள்.

விடுதி, அணைக்குக் கீழே சரிவில் இருந்தது. இரவு முழுவதும் மழை. காலையில் குழாய் மட்டும் வறண்டு கிடந்தது. "மோட்டரு போட்டிருக்கு, இப்ப வரும்" என்றார் காவற்காரர். சரோஜம் மாடியில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வாளியோடு காத்திருந்தாள். நான் கீழே முற்றத்தில், செம்பில் மிஞ்சியிருந்த தண்ணீரை வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன். பக்கத்தில் மதுரையிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

"ராத்திரி பூரா கொட்டுச்சே தம்பி, அணை தாங்குமா?" என்றார்.

"அஞ்ச வேண்டாம் ஐயா. ஆபத்து வேளையில் என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியும்" என்றேன், மாடிக்கும் கேட்கும்படி.

மாடியிலிருந்து மறுமொழி வந்தது.

"இஞ்ச கேட்டியளா! வெள்ளம் வந்துட்டு! வெள்ளம் வந்துட்டு! ஓடி வாருங்க!"

"ஐயையோ, வெள்ளமாம்!" என்று அலறிய தலைமையாசிரியர் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு ஓடினார். மற்ற அறைகளும் காலியாயின. அவர்களை மன்னிக்கலாம்; வெளியூர்க்காரர்கள். எனக்கு அந்தச் சொல்லின் இரு பொருளும் தெரியும். ஆனால் நான் நடத்திய பாடத்தை அவள் கற்றுக்கொண்டிருப்பாள் என்று முழுமனதோடு நம்பியவன் அந்த விடுதியிலேயே நான் ஒருவன்தான். நம்பினேன், ஓடினேன். எல்லாரையும் முந்தினேன்.

மேட்டிலிருந்த ரப்பர்த் தோட்டத்தில் மூச்சு வாங்க நின்றபோது தலைமையாசிரியரின் மனைவி என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஒங்க வீட்டுக்காரம்மா எங்கப்பா?"

குனிந்து என் கையைப் பார்த்தேன். அதில் இருந்தது சவரக் கண்ணாடி. கண்ணாடியில், பாதி நுரையும் பாதி மனிதனுமாக ஒரு முகம்.

கீழே விடுதி மாடியில் சரோஜம் நிறைந்த வாளியோடு வந்து நின்றாள். "எல்லாரும் எங்க போறிய?" என்று கூவினாள்.

காவற்காரர் நிதானமாக மேடேறி வந்தார். "சாரே, கொழாயில வெள்ளம் வந்ததுக்கா இந்த ஓட்டம்?"

மதுரைக்காரர்களுக்கு அவர்தாம் பொருள் விளக்கினார். தமிழ் விரிவுரையாளன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பேருந்து குலசேகரத்தைத் தாண்டியது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க நெனச்சதுக்கு எங்க ஊருல வெள்ளப்பொக்கம்னு பேரு. நான் பொக்கம்னு சொன்னேனா?"

"இல்லை."

"செரி, பொக்கமே வந்துதுன்னு வையுங்க. கண்ணாடிய எடுக்கத் தோணிச்சே. என்னை எடுக்கத் தோணல்லியா?"

அதற்கான விடையை நாற்பத்தொரு ஆண்டுகளாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த வாசலிலும் அவள் கடந்த பிறகே நான் கடக்கிறேன். (ஊர் அதைப் பண்பாடு என்கிறது. நான் மறுப்பதில்லை.) அவள் பேச்சைத் திருத்தியதும் இல்லை, என் வீட்டில் எல்லாரும் வெள்ளம்தான் குடிக்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் தம்ளரை வைக்கும்போதெல்லாம், "வெள்ளம் வச்சிருக்கு, ஓடாண்டாம்" என்பாள்.

எழுபதைக் கடந்துவிட்டேன். வயதுப்படி நானே முந்திப் போகவேண்டியவன். நடுவீட்டில் என்னைக் கிடத்தியிருக்கையில் மகன் என்ன சொல்வான் என்பதும் தெரியும்: 'இந்தத் தடவையும் அம்மைய விட்டுட்டு ஓடிட்டாரு.' இந்த அச்சத்தைச் சென்ற வாரம் மனைவியிடமும் மகனிடமும் வாய்விட்டுச் சொன்னேன்; ஓர் ஆறுதல் வார்த்தையாவது வரும் என்று நினைத்தேன்.

சரோஜம் மகன் பக்கம் திரும்பினாள்.

"மறக்காம அந்தக் கண்ணாடியக் கையில குடுத்து விடு மக்கா."