சண்டியும் ஐந்து சுத்தமான மாடுகளும்

ஐந்து மாடுகள் சொன்ன பொய்யை நம்பி, ஆறாவது மாடு சொன்ன உண்மையைப் பேனையால் வெட்டி எறிந்தவள் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள். (அந்தத் தலைக்கனத்துக்கு அளவான தொப்பி கடையில் கிடையாது.)

கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்தது மாட்டுண்ணி. அது எந்த மாதத்தில் பெருகுகிறது, எப்போது குறைகிறது என்று ஒரு வருடம் எண்ண வேண்டும். இதில் கோட்டை விட்டால் பட்டம் இல்லை. யுத்தம் முடிந்து எங்கள் ஊரான கிரானுக்குத் திரும்பியபோது எங்களுக்கு மிஞ்சிய ஆறு மாடுகளையே எடுத்துக்கொண்டேன். அதில் சண்டி என்ற கறுப்பு மாடு, நாங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காட்டில் தனியே பிழைத்தவள். என்னைத் தவிர யார் கிட்டப் போனாலும் உதைதான்.

மாதக் கடைசி ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து, காது, தாடை, மடி எல்லாம் தடவி எண்ணினேன். மாரி முடிந்து புல் தழைக்கும்போது உண்ணி கூடும் என்றது புத்தகம். எங்கள் மாடுகளிலோ ஒன்று, இரண்டு, பூச்சியம். சண்டியில் மட்டும் அந்த மாதங்களில் ஏறிக்கொண்டே போனது. என் அழகான வரைபடத்தை இவள் ஒருத்தி கெடுக்கிறாளே என்று 'விதிவிலக்கு' என எழுதி, அவளுடைய எண்களைக் கோடு போட்டு வெட்டினேன்.

ஒன்பதாம் மாதம் இடைக்கால அறிக்கை. மண்டபம் நிறைந்திருக்க அறிவித்தேன்: "கிரான் மாடுகளுக்கு உண்ணியை எதிர்க்கும் விசேட சக்தி இருக்கிறது!" (பத்திரிகைக்காரர் வந்தால் எந்தச் சேலை உடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.)

என் ஆய்வுக்குப் பொறுப்பான சேர் மட்டும் கைதட்டவில்லை. "நல்லம். அந்த மாடுகள நானும் ஒருக்காப் பாக்கோணும்."

அந்த மாதக் கடைசியில், ஞாயிறு வரை பொறுக்காமல் சனிக்கிழமையே போனோம். பட்டியில் அப்பா ஒரு மாட்டின் காதுக்குள் முகத்தைப் புதைத்தபடி நின்றார். பக்கத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டை. அது நிறைய உண்ணி.

"என்னப்பா செய்றீங்க?"

"நாளைக்கு நீ எண்ண வருவாதானே புள்ள? அதுதான் மாசாமாசம் புடுங்குற மாதிரிப் புடுங்குறன்."

"மாசாமாசமா!"

"பின்ன? படிச்ச புள்ள எண்ண வரக்குள்ள மாட்டில உண்ணி கிடந்தா ஆருக்கு வெக்கம்?"

சேர் மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கறுப்பு மாட்டிலயும் புடுங்குறீங்களா?"

"அவ கிட்ட விட்டாத்தானே சேர்!" அப்பா முழங்கால் தழும்பைக் காட்டினார்.

எனக்கு அந்தச் சிரட்டைக்குள்ளேயே குதித்துவிடலாம் போலிருந்தது. சேர் என் கொப்பியை வாங்கி, வெட்டுப்பட்ட எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மழையில் குறைவு, புல் தழைத்ததும் ஏற்றம், கடும் கோடையில் இறக்கம்.

"உண்மையான கணக்கு இதுதான். ஆனா ஒரு மாடு காணாது, நிறைய வேணும். முதல்ல இருந்து தொடங்கு."

கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போக, நான் ஊரில் நாற்பது மாடுகளைத் தடவிக்கொண்டிருந்தேன். நான் எண்ணி முடிக்கும்வரை யாரும் உண்ணியில் கைவைக்காமல் காவல் நின்றவர் அப்பா. மாட்டு முதுகில் வந்து குந்திய கொக்கைக்கூட விரட்டினார். "பொறு, புள்ள எண்ணி முடியட்டும்!"

வருட முடிவில் வரைபடத்தில் நாற்பது மாடுகளின் கோடும் சண்டியின் கோட்டோடு ஒட்டிக்கொண்டே ஏறி இறங்கியது. அதே மண்டபத்தில் அதே வாயால், கிரான் மாடுகளுக்கு விசேட சக்தி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். இம்முறை சேர்தான் முதலில் கைதட்டினார்.

பட்டமளிப்பு உடுப்போடு சண்டிக்குப் பக்கத்தில் நான் நிற்கும் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. (அப்பா தூரத்தில் நின்று எடுத்தது.) வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி இன்றும் சொல்வார்:

"எங்கட வீட்டுப் பட்டதாரியள் ரெண்டு பேர். இவ எண்ணினவ. அவ என்னைப் புடுங்க விடாதவ."